இடப்பக்கம் சுழன்ற கிண்ணங்கள்

தங்கையின் கண்காட்சி என்றால் பெட்டி கட்டுவது அண்ணனின் பொறுப்பு. அவரை எல்லோரும் பூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சாவியைத் தொலைத்துவிட்டு ஒருவன் வந்து நின்றால், அது அவன் வீடுதானா என்று பக்கத்து வீட்டில் விசாரிக்காமல் பூட்டைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் தங்கை வனைந்ததை வேறொருவர் கையில் கொடுப்பாரா? ஒவ்வொரு கிண்ணத்தையும் உள்ளே விரல் விட்டுத் துடைத்து, பழைய போர்வையில் சுற்றித் தாமே அடுக்குவார்.

அந்த விரலுக்குத்தான் முதலில் சந்தேகம் தட்டியது.

வனையும்போது பதிந்த கைத்தடம், கிண்ணத்தின் அடியிலிருந்து விளிம்புவரை வரியாகச் சுழன்று ஏறும். தங்கையின் வரி எப்போதும் வலப்பக்கமாகவே ஏறும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்தமுறை பாதிக் கிண்ணங்களில் அது இடப்பக்கமாக ஏறியது. அப்படியென்றால் வனைந்தது வேறு யார் கையோ?

பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் வேலையை விட்டுவிட்டு அவள் களிமண்ணைப் பிசையப் போனபோது வீட்டில் பேசாத பேச்சில்லை. முதல் சூளையில் வைத்ததெல்லாம் உருகி ஒட்டி ஒரே கட்டியாக வெளியே வந்தது. அந்தக் கட்டிதான் இன்றும் அண்ணனின் கடைக் கதவுக்கு முட்டு. பிறகு உணவகங்களுக்குத் தட்டும் கோப்பையும் செய்தாள். அதற்குப் பிறகுதான் இந்த ஸ்டோன்வேர், கல்லாய் இறுகும்வரை சுட்டெடுத்த சாடிகளும் கிண்ணங்களும். வாங்குகிறவர்கள் அவள் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். பூட்டுக்காரரும் சாவி வெட்டக் காத்திருப்பவர்களிடம் அந்தப் பேரைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தப் பேருக்கு இப்போது பங்கம் வந்துவிடுமோ? யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. சில மாதங்களாகக் கைப்பையோடு ஒரு பெண் பட்டறைக்கு வந்துபோகிறாள். அவள் வந்ததும் கதவு சாத்தப்படும். யாரென்று கேட்டால், “தெரிஞ்சவங்க” என்பதற்கு மேல் தங்கை வாய் திறக்கமாட்டாள்.

இடப்பக்க வரி ஏறிய கிண்ணங்களை மட்டும் அவர் தம் கடையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

கண்காட்சிக் கூடத்தில் பாதி அலமாரி காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தங்கை நேரே கடைக்கு வந்தாள்.

“அண்ணா, மிச்சப் பெட்டியெல்லாம் எங்க?”

“பத்திரமா இருக்கு. யார் செஞ்சதுன்னு சொல்லு, திறக்கறேன்.”

“அடியில என் கையெழுத்து இருக்கே, தெரியல?”

“கையெழுத்து உன்னுதுதான். கை யாருது? பையைத் தூக்கிட்டு வர்றாளே, அவளுதா?”

தங்கைக்குச் சிரிப்புதான் வந்தது. அது பாதியிலேயே நின்றது. “வா” என்று பட்டறைக்கு அழைத்துப் போனாள்.

சக்கரத்தின் முன் உட்கார்ந்து பக்கவாட்டு விசையைத் தட்டினாள். சக்கரம் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சுழன்றது. எப்போதும் வெளியிலிருந்து மண்ணை அழுத்தித் தூக்கும் வலக்கை, இப்போது உள்ளே சும்மா தாங்கிக்கொண்டிருந்தது. இடக்கைதான் மண்ணை ஏற்றியது. அவள் வலது மணிக்கட்டு வீங்கியிருந்ததை அண்ணன் அப்போதுதான் பார்த்தார்.

“பையோட வர்றவங்க என் கைக்குப் பயிற்சி கொடுக்கறவங்க. இந்தக் கை இனிமே அழுத்தம் தாங்காதாம். அதான் எல்லாத்தையும் மாத்திக் கத்துக்கிட்டேன்.”

“என்கிட்ட சொன்னா என்ன?”

“சொல்லியிருந்தா சக்கரத்தையே பூட்டிட்டுச் சாவியை இடுப்புல செருகியிருப்ப.”

பூட்டுக்காரரின் கை இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது. அதைத்தான் செய்திருப்பார்.

பெட்டிகளை அன்றே கூடத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கிண்ணங்களின் உட்புறம் தெரிய வேண்டும் என்று அலமாரியைத் தாழ்வாக இறக்கச் சொல்லித் தாமே அடுக்கினார். பிறகு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கண்காட்சி திறந்ததும் ஒருவர் மோதிரம் போட்ட விரலைக் கிண்ணத்துக்குள் ஓட்டினார். “இது மட்டும் மாறிச் சுத்துதே, வேற ஆள் செஞ்சதா?”

“ஆள் ஒண்ணுதான். ரெண்டு கையாலயும் செய்வா, என் தங்கச்சி,” என்றார் பூட்டுக்காரர். அதற்குள் அவர் கண் கிண்ணத்துக்குள் போயிருந்தது. “முதல்ல அந்த மோதிர விரலை வெளிய எடுங்க.”