ஆனி ரோஸ் வாயைக் கட்டிய தவக்காலம்

என் மனைவி ஆனி ரோஸுக்குப் பேச்சு நின்றால் மூச்சும் நின்றுவிடும் என்பது கல்யாணமான முதல் வாரமே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் பக்கத்தில் மெழுகுவர்த்தியும் பூமாலையும் விற்கிறாள். பஸ் வந்து நிற்பதற்குள், "வாங்கக்கா, மாதாவுக்கு மாலை வாங்கிட்டுப் போங்க. புள்ளைக்கு என்ன காய்ச்சலா, மொகம் வாடிக் கெடக்கே?" என்று ஆரம்பித்துவிடுவாள். இறங்குகிறவர்கள் மாலையும் வாங்கி, குடும்பக் கதையையும் அவளிடம் கொட்டிவிட்டுத்தான் கோயிலுக்குள் போவார்கள். நான் கொஞ்சம் சோளம் போட்டுக்கொண்டு, வீட்டில் 'உம்' கொட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறவன்.

அவளுக்குச் சரியான ஜோடி பக்கத்து வீட்டுச் செங்கமலம். கூலி வேலைக்குப் போய் ஒரே மகள் கவியாவைக் காலேஜில் படிக்க வைக்கிறவள். குழாயடியில் குடம், வேலியோரம் கோழி, ஒன்றும் கிடைக்காவிட்டால் முறைத்துப் பார்த்தது என்று இருவருக்கும் சண்டை இல்லாத நாளே கிடையாது. சண்டை முடிந்ததும் கருவாட்டுக் குழம்பு வேலி தாண்டிப் போகும். நடுவில் புகுந்து சமாதானம் பேசப் போன நான் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தச் செங்கமலத்துக்குப் பொங்கல் கழிந்ததும் பக்கவாதம் அடித்துவிட்டது. கை கால் மெதுவாகத் தேறியது. வாய்தான் வரவில்லை, ஒரு வார்த்தை பேச முடியவில்லை. ஆனி ரோஸ் துடித்துப்போனாள். தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு அடைக்கல மாதா முன்னால் முழந்தாளிட்டவள், வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாள்.

"ஈஸ்டர் வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேங்க. என் பேச்ச எடுத்துக்கிட்டு அவளுக்குக் குடுத்துடு தாயேன்னு நேந்துக்கிட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க, சங்கடப்படுவா."

தவக்காலத்துக்கு எங்கள் ஊரில் கறியை விடுவார்கள். சிலர் பீடியை விட்டுவிட்டு, ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு சேர்த்து வைத்து இழுப்பார்கள். பேச்சை விட்டவள் இவள் ஒருத்திதான். உள்ளதைச் சொல்வதற்கென்ன, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் வேண்டுதலையும் சேர்த்து மாதா கேட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அட போங்கள்! பேசுகிற ஆனி ரோஸைவிடப் பேசாத ஆனி ரோஸ் மோசம். தட்டை வைக்கிற சத்தத்திலேயே எனக்குத் திட்டு விழுந்தது. வரதராசன்பேட்டையிலிருந்து அவள் தங்கை விண்ணரசி கூப்பிட்டால், போனை என் காதில் வைத்து அழுத்திவிடுவாள். அக்காளும் தங்கையும் மணிக்கணக்கில் பேசுகிற பேச்சையெல்லாம் நான் பேசவேண்டியதாயிற்று. கடையிலோ, பஸ்ஸில் வந்தவர்கள், கூப்பிட்டுப் பேசுகிற அடுத்த கடைக்குப் போனார்கள். இவள் மாலைகள் வாடிப்போயின. அதற்கும் ஒரு சிரிப்புத்தான்.

காலையும் மாலையும் செங்கமலத்தைக் குளிப்பாட்டி, தலை வாரி, கஞ்சி ஊட்டிவிட்டு வருவாள். கூடப்பிறந்தவளுக்குக்கூட அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது.

ஒரு சாயங்காலம் கவியா கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"பெரியம்மா, நேத்துலேருந்து அம்மா கஞ்சியத் துப்புது. கூட ஆளு பேச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தாத்தான் வாய் வரும், இப்ப விட்டுட்டா அப்பறம் ரொம்பக் கஷ்டம்னு அரியலூர் டாக்டர் சொல்லிட்டாரு. நான் பேசுனா செவுத்துப் பக்கம் திரும்பிக்குது. நீங்க வந்துட்டுப் போனா, உங்க வூட்டப் பாத்துக் கையக் காட்டி அழுவுது. எங்கம்மா மேல உங்களுக்கு என்ன கோவம் பெரியம்மா?"

ஆனி ரோஸின் முகத்தில் ஈயாடவில்லை. கவியா போனதும், "பேசித் தொலையேண்டி!" என்றேன். தலையை ஆட்டினாள். சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினாள், பக்கத்து வீட்டைக் காட்டினாள், வாயைப் பொத்திக்கொண்டு கையை விரித்தாள். 'நான் வாக்குத் தவறினால் செங்கமலத்துக்கு வாய் வராமலே போய்விடுமே' என்று அர்த்தம். இத்தனை நாளில் அந்தப் பாஷை எனக்குப் பழகியிருந்தது.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "மாதா என்ன தண்டல்காரியா? ஒரு தவணை தவறுனா வாசல்ல வந்து நிப்பாளா? புள்ளை பெத்தவதானடி அவளும்!" என்று கத்தினேன். என்னை எரித்துவிடுவது போலப் பார்த்துவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

செங்கமலம் கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள். ஒரு கரண்டி கஞ்சி ஊட்டினாள் இவள். அவள் துப்பினாள். இன்னொரு கரண்டி. அதையும் துப்பினாள். ஆனி ரோஸின் புடவை முழுக்கக் கஞ்சி. கிண்ணத்தை டொக்கென்று கீழே வைத்தாள்.

"ஏண்டி, எவ்வளவு திமிரு ஒனக்கு!"

குரல் கரகரத்து வந்தது. கவியா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"நான் என்ன பொழுதுபோவாமயா ஊட்டுறேன்? ஒனக்கு வாய் வரணும்னு என் வாயக் கட்டிக்கிட்டுப் பைத்தியம் மாதிரித் திரியறேன், எம்மேலயே துப்புறியா? கோவமாம் கோவம்! ஒம்மேல எனக்கு என்னடி கோவம்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போச்சு செங்கமலம், எல்லாத்தையும் கெடுத்துட்டேன். என்னாலதான் ஒனக்கு வாய் வராமப் போவப்போவுது" என்று தேம்பினாள். இவளை இப்படிக் கிளப்பிவிட்டவன் நான்தானே.

செங்கமலம் மெல்லத் திரும்பினாள். ஆனி ரோஸையே பார்த்தாள். வாய் கோணியது, உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என்னமோ ஆகப்போகிறது என்று நான் பயந்தேவிட்டேன்.

"லூ... லூசு" என்றாள்.

கவியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனி ரோஸ் எழுந்துபோய், கஞ்சி வழிந்த அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"யாருடி லூசு? இன்னொருவாட்டி சொல்லு. சொல்லுடி என் தங்கமே, இன்னும் ஒரே ஒருவாட்டி சொல்லு."

செங்கமலம் அழுதுகொண்டே சொன்னாள்.