ஜாலர் கழற்றிய கூடாரம்

பவானேஸ்வரிக்குப் பயம் வந்தால் சாப்பாடு இறங்காது. சில நாளாகவே அப்படித்தான். அன்று காலையில் தோசையைப் பிய்த்தாள், அப்படியே வைத்தாள். கோப்பிக் குவளையைத் தூக்கினாள், அதையும் வைத்தாள். தெங்கேராவில் அப்புசாமியின் கடையில் இன்றைக்குக் கையெழுத்து.

அவள் செய்யும் வேலையை அம்மாவுக்குப் புரியவைக்க இன்றுவரை முடியவில்லை. "கம்ப்யூட்டர் ரிப்பேராம்மா?" என்பார். ரிப்பேர் இல்லை. ஒரு கடைக்கு மென்பொருள் போட வேண்டுமென்றால், முதலில் அங்கே போய் உட்கார்ந்து, அவர்கள் வேலை எப்படி நடக்கிறதென்று கேட்டு, எதைச் செய்து தருவோம், எதைச் செய்யமாட்டோம், எத்தனை வாரமாகும் என்று எழுத வேண்டும். கடைக்காரர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை தொடங்கும். ஏதாவது விட்டுப்போனால் பின்னால் எல்லாரும் சேர்ந்து அவள் தலையைத்தான் உருட்டுவார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை உருட்டியாயிற்று. ஜாசினில் ஒரு தளவாடக் கடை வேலை, அவள் எழுதாமல் விட்ட ஒன்றால் மாதக்கணக்கில் இழுத்தது. கம்பெனி முதலாளி பவன் அவளைவிட இளையவன்; திட்டும்போதும் அக்கா என்றுதான் திட்டுவான். "அக்கா, இதுவும் இழுத்துச்சுன்னா என்னால தாங்க முடியாதுலா. உங்கள வச்சுக்கறது கஷ்டம். இப்பவே சொல்லிட்டேன்." அப்பா போன பிறகு வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். தோசை எப்படி இறங்கும்?

அப்புசாமியிடம் இருப்பது வாடகைக் கூடாரங்கள், நாற்காலிகள், அண்டா குண்டாக்கள். இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே பவன்தான். அவர் நம்பர் எப்படியோ அவனிடம் இருந்தது. முதல் கூட்டத்தை வெள்ளிக்கிழமையாகப் பார்த்து வைத்தார்கள். அப்புசாமியின் மனைவி மீனம்மா, பவானியின் மடிக்கணினியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டி, அதன் மூடிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

"என்னென்ன விசேஷத்துக்கு அங்கிள் கூடாரம் போகும்?" என்று பவானி ஆரம்பித்தாள்.

"கல்யாணம் எழுதிக்கம்மா. வளைகாப்பு, காதுகுத்து, கோயில் திருவிழா, பொறந்தநாளு."

"அவ்வளவுதானா அங்கிள்?"

அப்புசாமி சூடத் தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "இப்போதைக்கு அவ்வளவுதாம்மா."

அப்படியே எழுதினாள். பதிவு செய்பவர் பெயர், விசேஷ நாள், முன்பணம் மூன்றும் கட்டாயம். ஒன்று இல்லாவிட்டாலும் லாரிக்குச் சீட்டு அச்சாகாது. கல்யாணத்துக்கு ஒதுக்கிய கூடாரத்தை வேறு யாரும் தொட முடியாது. பவன் படித்துவிட்டு "சூப்பர்க்கா" என்றான்.

ஆனால் மார்கழிதான் உறுத்திக்கொண்டே இருந்தது. மார்கழியில் யார் வீட்டில் கல்யாணம்? டீசல் ரசீதுகளைப் பார்த்தால் போன மார்கழி முழுக்க இவர்கள் லாரி ஓடியிருக்கிறதே, எங்கே ஓடியது? லாரி ஓட்டும் இருளாண்டியிடம் கேட்டுப் பார்த்தாள். "நமக்கு எப்பவும் வேலைதான் தங்கச்சி" என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இவர்களுக்கு என்னதான் வந்தது என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு. எரிச்சலுக்கு அடியில் அதே பயம்.

அன்று கடைக்குப் போனபோது தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பேனா எல்லாம் தயாராக இருந்தன. "ராகு காலம் வர்றதுக்குள்ள போட்டுடுங்க" என்று மீனம்மா அவசரப்படுத்தினார். அப்புசாமி பேனாவை எடுத்தார். தொலைபேசி அடித்தது.

எடுத்துக் கேட்டார். "சரி" என்றார். "எந்த ஜாலான்?" என்று தெருவைக் கேட்டார். வைத்துவிட்டார். சன்னல் வழியாகப் பின்கட்டைப் பார்த்து, "இருளாண்டி, செர்காம்!" என்று ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிக் குரல் கொடுத்தார். மீனம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த கூடாரத் துணி கிடந்தது. இருளாண்டி எதுவும் கேட்கவில்லை. துணியின் ஓரத்தில் அலங்காரமாகத் தொங்கிய சிவப்பு ஜாலரைக் கொக்கி கொக்கியாகக் கழற்றத் தொடங்கினார்.

பவானி சன்னலோரம் போய் நின்று பார்த்தாள்.

அந்தக் கொக்கிகளை அவளுக்குத் தெரியும். போன வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து புக்கிட் பெருவாங் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வாசலில் வெள்ளைக் கூடாரம் நின்றது. அப்பாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், அன்று முழுக்க அவள் பார்த்துக்கொண்டிருந்தது கூடார ஓரத்தில் வெறுமனே வரிசையாக இருந்த கொக்கிகளைத்தான். யார் சொல்லி வந்தது அது? அவளோ அம்மாவோ யாரையும் கூப்பிடவில்லை. பேர் கொடுக்கவில்லை, முன்பணம் கட்டவில்லை.

அவள் எழுதியபடி ஒரு மென்பொருள் அன்றைக்கு இருந்திருந்தால், லாரி வந்திருக்காது; அப்பா வெயிலில் கிடந்திருப்பார்.

"அங்கிள், கையெழுத்துப் போடாதீங்க!"

"நல்ல நேரத்துல என்ன வார்த்தைம்மா இது?" என்றார் மீனம்மா.

வேலை போய்விடும், போகட்டும். "சாவு வீட்டுக்குப் போறத இதுல எழுதவே இல்ல ஆன்டி. போன வருஷம் புக்கிட் பெருவாங்ல எங்கப்பாவுக்கு நீங்கதான் கூடாரம் போட்டீங்க."

"சிவ சிவா!" மீனம்மா தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பவானி தன் பையை எடுத்துக்கொண்டாள். முடிந்தது, துரத்தப்போகிறார்கள் என்றே நினைத்தாள்.

அப்புசாமி பேனாவை மெல்ல மூடினார். "நம்ம வேலையில பாதி அதாம்மா. ஆனா சாமி கும்பிட்டு உக்காந்துட்டு, சூடம் எரியறப்ப அத எப்படி வாயால சொல்றது? நீயும் கேக்கல."

கேட்கவில்லைதான். ஒரு வருஷமாகச் சாவு என்ற சொல்லை அவளும் வாயில் எடுத்ததில்லையே.

"சரி, எப்படி எழுதுவே?" என்றார் அவர். "போன் பண்றவங்க பேரு சொல்லமாட்டாங்க. நானும் கேக்கமாட்டேன். அழுதுகிட்டிருக்கறவங்ககிட்ட யாருப்பா நீன்னு கேக்க முடியுமா? புக்கிட் பெருவாங்னா வீரமுத்து வீடு, அவருதான உங்கப்பா? அன்னிக்கு யாரோ ஒரு பையன் பேசினான். இன்னி வரைக்கும் யாருன்னு தெரியாது."

அந்த நேரம் பார்த்து பவன் கூப்பிட்டான். போனை எடுத்தாள்.

"அக்கா, சைன் ஆச்சா?"

"இல்ல பவன். நாந்தான் வேணாம்னுட்டேன். நாம பாதி வேலையத்தான் பாத்திருக்கோம்."

"அக்கா!" குரல் உயர்ந்தது. "நான் என்ன சொன்னேன், மறந்துட்டீங்களா?"

"மறக்கல. உன் இஷ்டம்போல செய். ஆனா ஒண்ணு கேக்கறேன். எங்கப்பா காரியத்துக்கு வந்து கூடாரத்துல உக்காந்திருந்தியே, அத யாரு புக் பண்ணதா எழுதறது? முன்பணம் யாரு கட்டினா? நம்ம சிஸ்டத்துல அது வந்திருக்குமா?"

பின்கட்டில் இருளாண்டி லாரியைக் கிளப்பினார்.

"நான்தான்க்கா" என்றான் பவன். குரல் இறங்கிப்போயிருந்தது. "வேலைக்கு வரமுடியாதுன்னு ஆஸ்பத்திரியிலேருந்து மெசேஜ் போட்டீங்கள்ல, அப்ப நான்தான் அப்புசாமி அங்கிளுக்கு போன் அடிச்சேன். பேருகூடச் சொல்லல. நீங்க எழுதினதப் படிச்சப்ப எனக்கே இது தோணல பாருங்க."

பவானி நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மீனம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன வாரம் கூட வேணும்க்கா?" என்று போனில் கேட்டான் பவன்.

"தெரியல பவன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். லாரி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. "நான் இவங்ககூட செர்காமுக்குப் போறேன். பாத்துட்டு வந்து சொல்றேன்."