தெருவுக்கு இன்னொரு ஏணி வேண்டும்

"ஏவுகணைத் தடுப்புக் கவசம் வேண்டாம்" என்ற நோட்டீஸை ஒட்டக் காலையில் எங்கள் தெரு மளிகைக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி முறைத்தார்.

"என்ன டீச்சர், எவனோ குண்டு போடுதான்னா தடுக்க வேண்டாமா?"

"நாம தடுத்தா அவன் இன்னும் நாலு குண்டு செய்வான். அதுக்கு நாம இன்னும் பெரிய கவசம் போடணும். எங்கன போய் முடியும் அண்ணாச்சி?"

"அது பெரிய நாட்டுக் கத. நமக்கெதுக்கு?"

நான் தலைக்கு மேலே கையைக் காட்டினேன்.

வெயிலுக்காக வாசலில் தகரம் இறக்கியவர் அவர். அதிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் எதிர்ப் பாத்திரக்கடைக்குள் தெறித்தது. அவர்கள் இன்னும் நீளமாக இறக்கினார்கள். இவர் அதைவிட நீளமாக. உப்புக்காற்றில் துருப்பிடிக்கப் பிடிக்க இருவரும் புதுத் தகரம் மாற்றுகிறார்கள். இப்போது இரண்டும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டு நிற்க, லோடு வண்டி உள்ளே வருவதில்லை. தெருமுக்கிலிருந்து அரிசி மூட்டையை அண்ணாச்சியே சுமக்கிறார்.

சிரித்துவிட்டார். "சரி, ஒட்டுங்க. ஆனா தகரத்த அவன் மொதல்ல பிரிக்கட்டும்."

எதிர்க்கடைக்குப் போனேன். "ஒட்டுங்க டீச்சர். ஆனா அவரு மொதல்ல பிரிக்கட்டும்."

கடைசியில், ஒரே நேரத்தில் பிரிப்பதென்று முடிவாகியிருக்கிறது.

தெருவில் இருப்பதோ ஒரே ஏணி. மக்களே, இன்னொன்று யாரிடம் இருக்கிறது?