அண்ணி ஹார்ட் டிஸ்க்கைப் பிழைக்க வைத்த கதை

அவருக்கு ஒரே ஒரு கொழுந்தன்தான். அவன் வாசலில் நின்று "அண்ணி, அண்ணி" என்று குரல் கொடுத்துக் கொடுத்து, இப்போது எங்கள் தெருவே அவரை அண்ணி என்றுதான் அழைக்கிறது. பால் போடுகிறவருக்கும் அண்ணி, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கும் அண்ணி. அவருடைய கணவரே ஓரிரு முறை வாய்தவறி அப்படிக் கூப்பிட்டதாகக் கேள்வி. உறுதிப்படுத்த முடியவில்லை.

பதினாறு வருடம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் அண்ணி தட்டச்சர். சுருக்கெழுத்தும் தெரியும். வக்கீல் பேசும்போது பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார். அண்ணி விழுங்கியதையும் சேர்த்து எழுதுவார். போன வருடக் கடைசியில் வக்கீல் வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அலுவலகம் இருந்த இடத்தில் இப்போது மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள்.

"இனிமே நிம்மதியா ரெஸ்ட் எடு" என்றார் கணவர். ரெஸ்ட் என்பது அந்த வீட்டில் சமைப்பது, துவைப்பது, மாமனாருக்கு மாத்திரை எடுத்து வைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த செல்லப் பெயர்.

ஆறு மாத ரெஸ்ட்டில் அண்ணி களைத்துப் போனார். விசாரணை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் தரும் ஒரு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை என்று அறிவித்திருந்தது. சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தேர்வு. தவறினால் அடுத்த வருடம்தான். தேர்வுக்கான மென்பொருள் புதிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். வீட்டில் இருந்ததோ ஒரே லேப்டாப், கணவருடையது. அவர் காப்பீட்டு முகவர். அவருடைய வாடிக்கையாளர் விவரமெல்லாம் ஒரு பழங்கால மென்பொருளில் இருக்கிறது. சிஸ்டத்தைப் புதுப்பித்தால் அது கண்ணை மூடிவிடும்.

"உள்ள இருக்கறதுல மட்டும் கை வெக்காத. என் பொழப்பே அதுக்குள்ளதான் இருக்கு."

"உள்ள யாரு வரப்போறா? நான் வெளியிலயே ஒரு டிஸ்க்க மாட்டிக்கறேன்" என்றார் அண்ணி.

மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவிலிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று வந்தது. செங்கல் அளவு. லேப்டாப்பிலிருந்து வரும் மின்சாரம் அதற்குப் போதாது. சுவரில் தனியாகச் செருக வேண்டும். அதில் புதிய சிஸ்டத்தை ஏற்றிவிட்டால், வேண்டும்போது லேப்டாப் அதிலிருந்து கிளம்பும். கணவரின் பிழைப்பு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். அண்ணி இரண்டு நாள் படித்து, ஒரு பென் டிரைவைத் தயார் செய்துகொண்டு, புதன்கிழமை காலை வேலையைத் தொடங்கினார்.

முப்பத்தெட்டு சதவீதம் வரை ஒழுங்காக ஏறியது. அடுப்பில் குக்கரைப் பார்த்துவிட்டு வந்தால், திரையில் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி. மாலையில் மறுபடி. எழுபத்தொன்று. துணி எடுக்க மாடிக்குப் போய் வருவதற்குள் படுத்துவிட்டது. வியாழன் காலை பன்னிரண்டு சதவீதத்திலேயே போயிற்று.

கொழுந்தனுக்குப் போன் போட்டார். அவன் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறான். பழுது பார்க்கிறான் என்று யாரும் சொன்னதில்லை.

"டிஸ்க் செத்துப்போச்சு அண்ணி. புதுசு வாங்குங்க."

"பார்க்காமலே எப்படிடா சொல்ற?"

"அனுபவம் அண்ணி."

"மூணு தடவ மூணு இடத்துல நிக்குது. செத்தது ஒரே எடத்துலதானே கெடக்கும்?"

"சரி, இன்னொரு தடவ போடுங்க. கேக்கற கேள்விக்கெல்லாம் படிக்காம நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கிட்டே போங்க."

படிக்காமல் அமுக்குவது அண்ணியின் தொழில் இல்லை. திரையில் என்ன வந்தாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், நேரத்தோடு சுருக்கெழுத்தில் குறித்து வைப்பது அவர் கைப்பழக்கம். மூன்று முறையும் பிழைச் செய்திக்குக் கீழே ஓடிய விவர வரிகளை அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். வியாழன் மத்தியானம் நோட்டை விரித்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். வக்கீலிடம் சாட்சிகளின் முரண்பாட்டைப் பிடித்துக் கொடுத்த கண்.

இங்கே முரண்பாடே இல்லை. மூன்று சாட்சிகளும் ஒரே மாதிரி சொன்னார்கள்: டிஸ்க் துண்டிக்கப்பட்டது, மூன்று வினாடி கழித்து மறுபடி இணைக்கப்பட்டது. செத்தவன் மூன்று வினாடியில் எழுந்து வந்து உட்கார்வதில்லை. மணியைப் பார்த்தார். காலை பத்தே முக்கால், மாலை நாலரை, காலை பத்தே முக்கால்.

அந்த வீட்டில் பத்தே முக்காலுக்கு நாளிதழை மடித்துவிட்டு எழுந்திருக்கிறவரும், நாலரைக்குத் தூங்கி எழுகிறவரும் ஒரே ஆள்தான்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணி நாலாவது முறையாகத் தொடங்கிவிட்டு, அறையிலேயே கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பத்தே முக்காலுக்கு மாமனார் வந்தார். முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவர். ஆளில்லாத அறையில் சுவிட்ச் கீழே இருந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் மேலே போகும். குனிந்தார். சுவிட்சை அணைத்தார். லேப்டாப்பைப் பார்த்தார். அது பேட்டரியில் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. சுவிட்சை மறுபடி போட்டுவிட்டுத் திரும்பினார்.

"மாமா."

மாமனார் பதறவில்லை. "இங்கதான் இருக்கியாம்மா?"

"எதுக்கு மாமா அணைச்சீங்க?"

"அணைச்சேன், போட்டுட்டேன். அணைச்சும் அது எரியுது பாரு. அப்ப இந்த சுவிட்சு அதுக்கில்லன்னு அர்த்தம். நம்மளது இல்லாததுல நான் எதுக்குக் கை வெக்கணும்?"

தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. செங்கல் மட்டும் அந்த மூன்று வினாடியில் மூச்சு விட்டு, மூச்சு வாங்கியது. இருபத்திரண்டு சதவீதத்தில் சிவப்புச் செய்தி வந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பார்கள். அண்ணி ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டார்.

"மாமா, முக்கால் மணி நேரம் இந்த லைன்ல கரண்ட் நிக்கக் கூடாது. உங்களத் தவிர யாரையும் நம்ப முடியாது."

மாமனார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பணி ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் பணி ஆணை. போனுக்குச் சார்ஜ் போட வந்த மூத்த மகனை அவர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அப்பா, அந்தப் பக்கத்து பிளக்குதான்."

"பக்கத்துதும் இந்த லைன்தான். போடா."

ஐந்தாவது முறை தடங்கலில்லாமல் ஏறியது. கடைசிப் பக்கத்தில், கிளம்புவதற்கான பகுதியை எந்த டிஸ்க்கில் எழுதட்டும் என்று சிஸ்டம் கேட்டது. முதலில் காட்டியது கணவருடைய டிஸ்க்கை. கொழுந்தன் சொன்னபடி நெக்ஸ்ட் அமுக்கியிருந்தால் அன்றோடு காப்பீட்டுக்கே காப்பீடு தேவைப்பட்டிருக்கும். அண்ணி நிறுத்தி, படித்து, செங்கலைத் தேர்ந்தெடுத்தார். நூறு சதவீதம். லேப்டாப்பை அணைத்துப் போட்டதும் புதிய சிஸ்டம் விழித்தது. செங்கலைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தார். கணவரின் பழங்காலமும் பத்திரமாக விழித்தது.

சனிக்கிழமை பதினோரு மணித் தேர்வில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி மூன்றாமவர் இருமும் ஒலிப்பதிவைக் கொடுத்தார்கள். வக்கீலுக்குப் பழகிய காதுக்கு அது தாலாட்டு. ஒன்றரை மணிக்குப் பதில் வந்தது: தேர்ச்சி, திங்கள் முதல் வேலை. வேகத்தில் முதலிடம் என்று கீழே ஒரு வரி.

கொழுந்தன் போனில் வந்தான். "நான்தானே அண்ணி இன்னொரு தடவ போடச் சொன்னேன்?"

"ஆமாடா. உன் கடையில யாருக்காவது டிஸ்க் செத்துப்போச்சுன்னா எங்கிட்ட அனுப்பு. ஒரு தடவ நான் பார்த்துடறேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு கணவர் லேப்டாப்பைத் தேடிக்கொண்டு வந்தார். அண்ணி காதில் ஹெட்போன். ஒரு கையால் தட்டிக்கொண்டே மறு கையால் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். காலை பத்து முதல் ஒரு மணி வரை அண்ணிக்கு, இரண்டு முதல் ஐந்து வரை முகவருக்கு என்று அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, குக்கரைப் பார்க்கப் போனார்.