சந்தை நாளில் பார்த்த படம்

நடிப்பு என்றால் எல்லோரும் முகத்தைச் சொல்வார்கள். கண்ணைச் சொல்வார்கள். எனக்கு முதுகுதான். ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வீட்டை விட்டு வெளியேறுகிற ஒரு பெண்ணின் முதுகு. அதைப் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த முதுகை நம்பித்தான் மிச்ச ஆயுளை ஓட்டினேன் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். போன மாதம் வரை நானும் அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

படம் பார்த்தது பொள்ளாச்சியில். அப்பா மாடு வாங்கவோ விற்கவோ சந்தைக்குக் கிளம்பும் நாட்களில் அம்மாவும் அக்காவும் நானும் தொற்றிக்கொள்வோம். அவர் சந்தைப்பேட்டைக்குள் போய்விடுவார், நாங்கள் மூன்று பேரும் மதிய ஆட்டத்துக்கு. பெண்கள் பக்கம் மர பெஞ்சு, முதுகு சாய இடமில்லை. வேர்த்து ஊற்றும். அதெல்லாம் ஒரு பொருட்டா? விளக்கு அணைந்ததும் அம்மா மடியில் கட்டி வந்த கடலையை அவிழ்ப்பாள், அத்தோடு உலகம் மறந்துபோகும்.

ஒரே தொல்லை ஐந்தரை மணி பஸ். அதை விட்டால் எங்கள் ஊருக்கு அடுத்த பஸ் எட்டு மணிக்குத்தான். கொட்டகையில் பாதிப் பேர் எங்களைப் போல சுற்றுவட்டார ஊர்களுக்கு ஓட வேண்டியவர்கள். அதனால் சந்தை நாளில் நீளமான படமாக இருந்தால் ஒரு ரீலை ஓட்டாமல் தூக்கி வைத்துவிடுவார்கள். இது ஊருக்கே தெரியும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏதோ ஒரு பாட்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவோம்.

அந்தப் படத்தின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய குடும்பம். மூத்த மருமகள், தாயில்லாத கொழுந்தனைத் தன் பிள்ளையாக வளர்க்கிறாள். அவன் கல்யாணத்தன்று, குழந்தை இல்லாதவள் என்று சொல்லி அவளை மணவறைப் பக்கம் வரவேண்டாம் என்கிறார்கள். வளர்த்த பையன் தலையைக் குனிந்துகொள்கிறான். அப்போது அவள் ஆட்டுக்கல் முன்னால் மாவு அரைத்துக்கொண்டிருப்பாள். கையை நிறுத்துவாள். விரல் விரலாக மாவை வழித்துவிட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைப்பாள். பிறகு மாவுச் சட்டி மேல் ஒரு தட்டை எடுத்து மூடுவாள். ஈ மொய்க்கக் கூடாதே! அவமானப்பட்டு வெளியேறுகிற நேரத்திலும் அவளுக்கு மாவு ஞாபகம். ஒரு வார்த்தை கிடையாது, ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. முற்றத்தைத் தாண்டி நடப்பாள். கேமரா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அந்த முதுகு கூனவும் இல்லை, நிமிரவும் இல்லை. கழுத்துக்குக் கீழே ஒரு நரம்பு மட்டும் இறுகும். இன்றைக்கு வரும் படங்களில் பத்து நிமிஷம் அழுது புரண்டாலும் எனக்கு எதுவும் தைப்பதில்லை. அந்த நரம்பு அன்றைக்குத் தைத்தது இன்னும் இருக்கிறது.

அடுத்த காட்சியில் அவளுக்குத் தலை நரைத்திருக்கும். அதே வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கொழுந்தன் காலடியில், அவன் குழந்தை அவள் மடியில். சுபம்.

நடுவில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. வாய் திறக்காமல் போனாள், வீடே பதறியடித்துத் தேடிப் போய் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறது. வேறென்ன? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மதிப்புள்ளவள் பேச மாட்டாள், போய்விடுவாள், மற்றவர்கள் தேடி வருவார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அக்காவுக்கும் அந்தப் படம் உயிர். அவளைப் போத்தனூரில் ரயில்வேக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் அந்தப் படத்தை மறுபடி திரையிட்டபோது மாமாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவ திரும்பி வந்து பேசறா கண்ணு, என்னமாப் பேசறாங்கற!" என்றாள். "வேற ஏதோ படத்தைப் போட்டுக் கொழப்பிக்கறீங்கக்கா," என்றேன். அந்த அம்மாவாவது, பேசுவதாவது! வருஷக்கணக்காக இது எங்களுக்குள் ஒரு செல்லச் சண்டை. பொங்கலுக்குப் பார்த்தாலும் அதே பேச்சு, காது குத்தில் பார்த்தாலும் அதே பேச்சு. அவள் விட்டுக்கொடுக்கவில்லை, நான் நம்பவில்லை.

என் முதுகு வைத்தியம் ஓரளவு பலிக்கவும் செய்தது. வீட்டுக்காரர் ஏதாவது சுருக்கென்று சொன்னால் தட்டை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். மனுஷன் அரை மணியில் வந்து, "ஏம்மணி, தலை வலிக்குதா?" என்பார். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை என்னை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டபோது ஒன்றும் பேசாமல் எழுந்து போனேன். மறுநாள் அவரே காபி வாங்கிக் கொடுத்தார். அந்த நடிகைக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

பிறகு அக்கா மகன் கல்யாணம் வந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது.

எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்ய வேண்டியது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் தங்கை முறையில் ஒருத்தி செய்வாள். அக்காவுக்கு ஒரே பையன். என் மகள் பிறந்த அன்றைக்கே, "இணைச்சீருக்கு ஆள் வந்துட்டா" என்று சொன்னவள் அவள்தான். மகளுக்கு அதற்கென்றே புடவை எடுத்து, ஜாக்கெட் தைத்து, தலை நிறையப் பூ வைத்து மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே போனால் மாமாவின் தம்பி மகள் சீருக்கு நின்றுகொண்டிருக்கிறாள். அக்காவின் மாமியார் விருப்பமாம். யாரோ போகிற போக்கில் சொன்னார்கள். அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்திலிருந்த சீர்த்தட்டில் துணி விலகியிருந்தது, அதை இழுத்து மூடினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். பந்தியில் உட்காரவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது வரை எனக்கு நினைவிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆத்திரத்திலும் நன்றாகத்தான் நடக்கிறோம் என்று ஒரு திருப்தி.

அன்று சாயங்காலம் வருவாள் என்று பார்த்தேன். மறுநாள் பார்த்தேன். மறுவீட்டு விருந்து முடிந்து வருவாள் என்று பார்த்தேன். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து போத்தனூருக்கு ஒரே பஸ், நாற்பது நிமிஷம். ஒன்பது வருஷமாக அந்த பஸ்ஸில் அவளும் வரவில்லை, நானும் போகவில்லை. என் மகளுக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகையைத் தபாலில் அனுப்பினேன், நேரில் போய்க் கொடுக்க மனசு வரவில்லை. அவள் வரவில்லை. மணவறையில் மகள் உட்கார்ந்திருந்தபோது வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளோ அந்தச் சீரையே மறந்துவிட்டாள். "அந்தப் பொடவையே எனக்குப் புடிக்கலீங்மா," என்கிறாள் இப்போது.

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு டிவியில் எதையோ துழாவிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "ஏம்மணி, உன்ற முதுகுப் படம் யூடியூப்ல இருக்குது, வா" என்று கூப்பிட்டார். யாரோ நல்ல பிரதியாகப் பார்த்து ஏற்றியிருந்தார்கள். கீறல் இல்லை, மழை பெய்கிற மாதிரிக் கோடுகள் இல்லை. ஆட்டுக்கல் வந்தது. மாவு வழித்தாள், தட்டை மூடினாள், நடந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி நாற்காலிதான் என்று முந்தானையை எடுத்தேன்.

நாற்காலி வரவில்லை. ஊர் எல்லையில் ஒரு மைல்கல் மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வந்த வழியைப் பார்க்கிறாள். ஒரு மாட்டுவண்டி போகிறது. வெயில் சாய்கிறது. ஒருவரும் வரவில்லை. மறுபடி பார்க்கிறாள். அப்புறம் எழுந்து, போன வழியிலேயே விடுவிடுவென்று திரும்பி நடக்கிறாள். வீட்டில் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. அவள் போனதே யாருக்கும் தெரியாது. முற்றத்தில் நின்று, "நான் எங்கே போனேன்னு கேட்க இந்த வீட்டிலே ஒரு வாய் இல்லையா?" என்று ஆரம்பிக்கிறாள்.

அடேயப்பா, அது நடிப்பு! குரல் உடையக் கூடாத இடத்தில் உடைகிறது. மூக்கு ஒழுகுகிறது, புறங்கையால் துடைக்கிறாள். கத்துகிறாள், விக்கல் வருகிறது, விக்கலோடு கத்துகிறாள். அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையே இல்லை. கொழுந்தனைப் பார்த்து, "உன்னைத் தூக்கி வளர்த்த கை இது" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "சாப்பிட்டியா?" என்கிறாள். அவன் எச்சில் கையோடு எழுந்து ஓடி வந்து அவள் காலைக் கட்டிக்கொள்கிறான். ஐம்பது வருஷமாக நான் கொண்டாடிய முதுகு இந்த முகத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"இது படத்துல இல்லீங்களே," என்றேன்.

வீட்டுக்காரரும் பொள்ளாச்சிப் பக்கம்தான். திரும்பிக்கூடப் பார்க்காமல், "சந்தை நாள்ல பாத்திருப்பே. பஸ்ஸுக்கு இந்த ரீலத் தூக்கிப்போட்டானுங்களாட்ட இருக்குது," என்றார்.

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் குளித்ததும் போத்தனூர் பஸ் ஏறினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். நிதானமாக, கௌரவமாக நாலு வார்த்தை.

அக்காதான் கதவைத் திறந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. கதவைப் பிடித்தபடியே நின்று, "வா கண்ணு," என்றாள், நேற்றுத்தான் வந்துபோனவளிடம் சொல்வது போல.

ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஏனுங்கக்கா, நீங்க பண்ணுனது நாயமுங்களா? என்ற புள்ள பொடவையக் கட்டீட்டு நின்னாளே! ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லீருந்தா நான் மாட்டேன்னா சொல்லீருப்பேன்? அவ கலியாணத்துக்குக்கூட வரலியே நீங்க! ஒம்போது வருசமா ஒரு போன் உண்டுங்களா?" என்று வாசலிலேயே கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தேன்.

அவள் கண்ணிலும் நீர் வழிந்தது. "தப்புத்தான் கண்ணு. மாமியார் சொன்னப்ப எனக்கு வாயே வரலை. பந்தி முடிஞ்சு தேடறப்பத்தான் நீ சாப்புடாமப் போனதே தெரியும். உன்ற புள்ள கலியாணத்துக்கும், தபால்ல பத்திரிகை வந்தா எந்த மூஞ்சிய வெச்சுட்டு வாரதுன்னு இருந்துபோட்டேன்."

"மொதல் நாளே தெரிஞ்சுதல்லங்க, ஏன் தேடி வரலை?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீயா வருவீன்னு இருந்தேன். அந்தப் படத்துல அவ திரும்பி வந்து கத்துவாளல்லோ. நீ சீர்த்தட்ட மூடிப்போட்டு, பேசாம நடந்து போனீன்னு சொன்னாங்க, அச்சு அவளாட்டவே. அப்ப நீயும் வருவே, வந்து என்னைய நல்லாக் கேப்பீன்னு வாசலப் பாத்துட்டே இருந்தேன்."

நின்றபடியே அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். ஐந்தரை மணி பஸ்ஸுக்காக எடுத்து வைத்த ஒரே ஒரு ரீல். அதை அவள் பார்த்திருந்தாள், நான் பார்க்கவில்லை.

"செருப்பைக் கழட்டீட்டு உள்ள வா," என்றாள் அக்கா, என் முதுகைத் தடவிக்கொண்டே. "இன்னும் திட்டறதுக்கு இருந்தா, சாப்புட்டுப்போட்டுத் திட்டு."