மார்த்தாள் வைத்த குடல் குழம்பு

பெருநகர் கிராமத்து மார்த்தாளிடம் மன்னிப்பைப் பற்றிப் பேசிவிட்டு முழுசாகத் திரும்பியவர் கிடையாது. கோயிலில் எல்லாருக்காகவும் முட்டி போட்டு ஜெபிப்பாள்; நிலக்காரர் முத்துகிருஷ்ணன் பெயர் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். அவள் செய்தது தப்பு என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. சொல்லட்டும். அவர்கள் வீட்டிலா சாவு விழுந்தது?

ஐம்பத்தெட்டாம் வருஷம். மூட்டு வலிக்கு ஆமை எண்ணெய் நல்லது என்று யாரோ சொல்லப்போக, முத்துகிருஷ்ணன் வண்டி கட்டிக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போய், கரையொதுங்கிய கடலாமை ஒன்றை உயிரோடு கொண்டுவந்தார். அதை அறுத்துக் கொடுத்தவன் அவருடைய பண்ணையாள் ஞானதாஸ், மார்த்தாளின் புருஷன். கொழுப்பை முத்துகிருஷ்ணன் எடுத்துக்கொண்டு, "கறியும் கொடலும் நீ எடுத்துக்கடா" என்று தாராளம் காட்டினார். தெருவில் வேறு யாருக்கும் ஆமைக் கறி பழக்கமில்லை. பிள்ளை பெற்றுப் பத்து நாளான மார்த்தாளும் தொடவில்லை. ஞானதாஸ் மட்டும் தின்றான். இரண்டு நாள் வாந்தியும் பேதியும். மூன்றாம் நாள் போய்விட்டான்.

"கள்ளச்சாராயம் குடிச்சிட்டுச் செத்தான்" என்று முத்துகிருஷ்ணன் ஊர் முழுக்கச் சொன்னார். சாராய வாடைக்கே மூக்கைப் பொத்துகிற மனுஷன் ஞானதாஸ். ஆனாலும் சொன்னவர் நிலக்காரர் ஆயிற்றே, ஊர் நம்பியது. செத்தவனுக்கு மிஞ்சியது பேர் ஒன்றுதான். அதிலும் மண் விழுந்தது. அந்த மண்ணை அவர் வாயாலேயே துடைக்க வைக்கிறேன் என்று மார்த்தாள் சபதம் போட்டாள்.

கைக்குழந்தையோடு சதுரங்கப்பட்டினம் போய், ஆமையைக் கொடுத்த மீனவப் பெண் செல்லாயியைத் தேடிப் பிடித்தாள்.

"அது மெதந்துக்கினு வந்த ஆமைம்மா," என்றாள் செல்லாயி. "நல்ல ஆமைன்னா முக்குளிக்கும். கொடல்ல நோவு வந்துட்டா வவுத்துல காத்து கட்டிக்கும், முங்க முடியாது. எண்ணெய் மட்டும் எடுத்துக்கினு மீதியப் பொதைச்சிடுங்க, துன்னா ஆளு போயிடும்னு உங்க ஆண்டைகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

நம்பாவிட்டால் பார் என்று, அன்று ஒதுங்கிக் கிடந்த செத்த ஆமை ஒன்றைக் கீறியும் காட்டினாள். குடல் உப்பிக் கிடந்தது. உள்ளே முழுக்கப் புண், சீழ் வடிந்தது. மார்த்தாள் மூக்கைப் பொத்தாமல் கடைசிவரை பார்த்தாள்.

முத்துகிருஷ்ணன் தெரிந்தே கொடுத்திருக்கிறார். ஊருக்குத் திரும்பியவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அறுவடை முடிந்த அன்று, களத்தில் ஊரே கூடியிருந்தபோது, ஒரு குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து முத்துகிருஷ்ணன் முன்னால் வைத்தாள்.

"இன்னா மார்த்தா இது?"

"ஆமைக் கொடலு, ஆண்டே. சதுரங்கப்பட்டினத்துச் செல்லாயி குடுத்தனுப்பினா. எங்க வூட்டுக்காரருக்கு ஆசையாக் குடுத்தீங்களே, நீங்களும் ஒரு வாய் துன்னுங்க."

செல்லாயி பேரைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. துள்ளி எழுந்தார். "மெதந்த ஆமையக் குடுத்து என்னைக் கொல்லப் பாக்கிறியாடி?"

"மெதந்த ஆமைன்னு நான் சொல்லலியே," என்றாள் மார்த்தாள் நிதானமாக. "மெதந்ததத் துன்னா சாவுன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் ஆண்டே?"

களத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். கடைசியில் அவருடைய சொந்தத் தம்பியே கேட்டார்: "அப்ப சாராயம்னு சொன்னது?" முத்துகிருஷ்ணன் சட்டியை விட்டுப் பின்னால் நகர்ந்தார்.

மார்த்தாள் சட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் பதறப் பதற, அள்ளி அள்ளித் தின்றாள். காலையில் உத்திரமேரூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டுக் குடல் அது.

அதற்குப் பிறகு அவர் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட ஊரில் யாரும் வாங்கிக் குடிக்கவில்லை. மார்த்தாள் மட்டும் அவர் சாகும்வரை தினமும் அவர் வாசல் வழியாகவே போவாள். போகும்போது நின்று, "சாப்பிட்டீங்களா ஆண்டே?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.