மூக்கில் இறங்கிய டீ

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மரக்காணத்தில் இன்று எனக்கு இரண்டு உப்பு லாரி, ஒரு எடைமேடை, மாடி வைத்த வீடு. கைகொடுக்க ஒரு மாமன் மச்சான் இல்லாமல் வந்தவை. ஆனால் இவற்றுக்கெல்லாம் முந்தி, பன்னிரண்டு வயதில் நான் மீட்டெடுத்தது என் தம்பியின் குரலை. அதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம். அம்மா உப்பளத்தில் வேலை செய்தாள். அங்கே மேஸ்திரிக்குப் பேச்செல்லாம் மூக்கில்தான் வரும். ஏழு வயதுத் தம்பிக்கு அவரைப் போலப் பேசக் கற்றுக்கொடுத்தவன் நானே. வரப்பில் நின்று அவன் "சீக்கிரம் வாருங்கம்மா" என்றால், பெண்கள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

ஒருநாள் காலை எழுந்தபோதே மூக்கால் பேசினான். "போதும்டா" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். உப்பளத்தில் மேஸ்திரியே எதிரில் வந்து "சாப்ட்டியாடா?" என்றார்.

"சாப்ட்டேங்க" என்றான் தம்பி, அச்சு அசல் அவர் குரலில்.

"ஏம்மா, என் மூஞ்சிக்கு நேராவே நக்கலா? நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"மன்னிப்புக் கேளுடா!" என்று அம்மா கதறினாள். கேட்டான், அதுவும் மூக்கிலேயே வந்தது. அழுத பிள்ளைக்கு யாரோ டீ கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் டீ மூக்கின் இரண்டு துளையிலும் இறங்கி, மேஸ்திரியின் வெள்ளை வேட்டியில் சொட்டியது.

முதலில் பயந்தவர் அவர்தான். "இது நக்கல் இல்லம்மா, ஏறு வண்டில!" அம்மாவின் வேலை தப்பியது. அவருடைய ஒரே வண்டியில் என்னையும் சேர்த்து நாலு பேரும் பாண்டிக்குப் போனோம்.

டாக்டர் டார்ச் அடித்து 'ஆ' சொல்லச் சொன்னார். அண்ணத்தின் பின்பக்கச் சதை ஒரு பக்கம் மேலே எழும்பவே இல்லையாம்; அதனால்தான் பேச்சும் டீயும் மூக்குக்குப் போகிறதாம். பிறகு அம்மாவிடம் தனியாக ஏதோ பேசினார். நான் சுவரோரம் அழுதுகொண்டிருந்தேன். நான் சொல்லிக்கொடுத்த குரல்தான் அவன் தொண்டையில் ஒட்டிக்கொண்டது என்று எனக்கு நிச்சயம்.

வெளியே வந்ததும் அம்மா ஒரு பாக்கெட் பலூன் வாங்கி என் கையில் வைத்தாள். "தம்பிய தினம் ஊத வைடா. நீதான் பொறுப்பு."

ஊத வைத்தேன். காற்றெல்லாம் மூக்கால் போனது. மேஸ்திரியும் பக்கத்தில் குந்திக்கொண்டு "ஊதுடா, ஊதுடா" என்று மூக்கால் கத்துவார். ஆறாவது வாரம் ஒரு சிவப்புப் பலூன் தேங்காய் அளவுக்கு வந்தது. அதன் வாயைப் பிடித்துக்கொண்டு "அண்ணே" என்றான். பழைய குரல்.

அன்று டாக்டர் தனியாகச் சொன்னது, தானாகவே சரியாகிவிடும் என்பதுதானாம். போன வருஷம்தான் அம்மா சொன்னாள். அழுகிற எனக்குத்தான் பலூன் மருந்தாம்.

இருக்கட்டும். தம்பி இப்போது கல்யாண மேடைகளில் பலகுரலில் பேசுகிறான். முடிவில் டாக்டருக்கும் மேஸ்திரிக்கும் நன்றி சொல்கிறான். ஊத வைத்தவன் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் பேரையும் சொல்ல வேண்டும். அதுவும் மைக்கில்.